எக்செலை விட்டு எதற்குப் போவது?

2023 அக்டோபர் 9, கேள்வி

வணக்கம் அண்ணே. மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு இன்டீரியர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆசாரி, எலெக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லாம் சேர்த்து 14 பேர். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் எபெனில் மூன்று அலுவலகங்களை முடித்துக் கொடுக்க வேண்டும். இதுவரை எக்செலில்தான் அட்டவணை. இனி அது தாங்காது. முதலாளி மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற அட்டவணை மென்பொருளை வாங்கலாம் என்கிறார். நண்பன், வேலைகளைக் கார்டு கார்டாகப் பலகையில் வைக்கும் ட்ரெல்லோ போதும் என்கிறான். எனக்கென்னவோ எல்லாம் ஒன்றுதான், விலையில்தான் வித்தியாசம் என்று படுகிறது. எதை எடுக்கலாம்?

அக்டோபர் 10

எல்லாம் ஒன்று இல்லை தம்பி. அப்படி நினைத்து வாங்கினால் காசு வீணாகும். நான் வீணாக்கியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் ஃபால்ஸ் சீலிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வயரிங்கும் ஏசி டக்ட்டும் முடிய வேண்டும். வாடிக்கையாளரின் இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் ஜிப்சம் போர்டு, அதற்கப்புறம் பட்டி, பெயின்ட், கடைசியில் கார்பெட். வயரிங் இரண்டு நாள் இழுத்தால் கார்பெட் வரை எல்லாமே இரண்டு நாள் நகர வேண்டும். ப்ராஜெக்ட் மாதிரி ஒரு மென்பொருளில் எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒருமுறை கோர்த்துவிட்டால் அதுவே நகர்த்திவிடும். ட்ரெல்லோவில் ஒவ்வொரு கார்டிலும் நீங்கள் போட்ட தேதி போட்ட இடத்திலேயே இருக்கும். வயரிங் தாமதமானது கார்பெட் கார்டுக்குத் தெரியாது.

ஆக, முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்க முடியாத வேலையா? உங்களுடையது அப்படித்தான். தேதியைக் கணக்குப் போட ஏதாவது ஒன்று வேண்டும். ட்ரெல்லோ மட்டும் போதாது.

அக்டோபர் 10, இரவு

எக்செலிலும் சூத்திரம் போட்டுச் செய்யலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம். வேலை நாட்களை எண்ணும் வொர்க்டே சூத்திரம் இருக்கிறது, விடுமுறைப் பட்டியலையும் அதற்குக் கொடுக்கலாம். 2016இல் நான் அப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் நடுவில் 'இரண்டாவது கோட் பெயின்ட்' என்று ஒரு வரிசையை நுழைத்தேன். அடுத்த வரிசையில் இருந்த கார்பெட், புது வரிசையைப் பார்க்காமல் பழைய முதல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. பெயின்டர் ரோலரோடு நிற்கும்போது கார்பெட் போடுகிறவர்கள் லாரியோடு வந்து இறங்கினார்கள். அந்த லாரி வாடகையை யார் கொடுப்பது என்று ஒரு வாரம் பேச்சு.

அக்டோபர் 14

ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டீர்கள். நல்ல சரக்கு. 1984இல் டாஸ் காலத்தில் வந்தது, இன்னும் நிற்கிறது. ஆனால் கணினியில் நிறுவி முழுதாகப் பயன்படுத்த இப்போது ஆளுக்கு மாதம் 30 டாலர் ஆகும். நம் மொரிஷியஸ் ரூபாயில் 1,300க்கு மேல். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆறு பேருக்கு வாங்கினோம். திறந்தது நான் ஒருவன்தான். மற்ற ஐந்து பேரும் நான் அனுப்பும் பிடிஎஃப்பைத்தான் பார்த்தார்கள். எனவே வாங்கினால் ஒன்று போதும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டியது நாட்காட்டியை நிரப்புவது. அதில் வரும் ஸ்டாண்டர்ட் நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை, விடுமுறையே இல்லாமல் இருக்கும். உங்கள் காலத்துக்குப் பார்த்தால் ஜனவரி 1, 2 புத்தாண்டு. 25 தைப்பூசம். பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள். 10 சீனப் புத்தாண்டு. மார்ச் 8 மகா சிவராத்திரி, 12 சுதந்திர நாள். ஏப்ரல் 9 உகாதி, அதே வாரத்தில் ஈத். ஈத் பிறை பார்த்தபிறகே உறுதியாகும், அதனால் அந்த வாரத்தில் ஒப்படைப்பு எதையும் வைக்காதீர்கள். இரண்டு நாளையும் விடுமுறை என்று போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அதில் புதிதாகச் சேர்க்கும் வேலைகள் கைமுறை அட்டவணையில்தான் வந்து உட்காரும். கீழே ஒரு பொத்தான் இருக்கிறது, தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் தொடக்கத் தேதிக் கட்டத்தில் நீங்களே ஒரு தேதியைத் தட்டினால், 'இதற்கு முன் தொடங்காதே' என்று ஒரு கட்டு விழுந்துவிடும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் அது முன்னால் வராது. தேதியைத் தட்டாமல் எத்தனை நாள், எதற்குப் பின் என்பதை மட்டும் கொடுங்கள். இது தெரியாமல் ஆறு மாதம் அந்த மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, காசில்லாமல் முடியாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். முடியும். காண்ட்ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூல மென்பொருள். வாடிக்கையாளர் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் கோப்பை அனுப்பினால் லிப்ரேயில் திறக்கலாம். கையாள எளிது காண்ட்ப்ராஜெக்ட். ஓப்பன்ப்ராஜெக்ட்டும் நன்றாக இருக்கும், ஆனால் இலவசமாக வேண்டுமென்றால் உங்கள் சர்வரில் நீங்களே நிறுவ வேண்டும். 14 பேர் இருக்கும் பட்டறையில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏது?

அக்டோபர் 17

திருத்தம். காண்ட்ப்ராஜெக்ட் முழு நாளைத்தான் அலகாக வைத்திருக்கிறது. சனிக்கிழமை அரை நாள் வேலை என்றால் அதைச் சொல்ல வழியில்லை. நான் சனிக்கிழமையை விடுமுறை என்று போட்டுவிட்டு அந்த அரை நாளை வாரக் கடைசிப் பாக்கிகளுக்கு வைத்துக்கொண்டேன். அட்டவணையில் இல்லாத அந்த நாலு மணி நேரம் பல வாரங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அக்டோபர் 29

மென்பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கஷ்டமாக இருந்தது எப்போதும் அது இல்லை. சைட்டில் என்ன நடக்கிறது என்ற செய்தி வந்து சேருவதுதான் கஷ்டம்.

எங்கள் மேஸ்திரி இந்த ஊர்க்காரர். முப்பது வருட அனுபவம், கைத்திறமை அபாரம். வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் 'கொரெக்' என்று ஒரு வார்த்தை வரும். இந்த ஊர் க்ரெயோல் மொழியில் சரி, நல்லது, ஆகட்டும், பார்த்துக்கொள்கிறேன், இப்போது தொந்தரவு செய்யாதே, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. இன்னும் துருவிக் கேட்டால் 'ப்ரெஸ்கெ ஃபினி', கிட்டத்தட்ட முடிந்தது.

2018இல் போர்ட் லூயிஸில் ஒரு அலுவலகத்தின் வரவேற்பு மேசை. திங்கள் ப்ரெஸ்கெ ஃபினி, புதன் ப்ரெஸ்கெ ஃபினி, அடுத்த திங்களும் அதே. நான் அட்டவணையில் 90 சதவீதம் என்று போட்டு வைத்திருந்தேன். நேரில் போய்ப் பார்த்தேன். மரவேலை கண்ணாடி மாதிரி முடிந்திருந்தது. மேலே வைக்கும் கல்லுக்கு அளவு எடுக்கவே யாரும் வரவில்லை. அளவு எடுத்தபின் கல் அறுத்து வர 12 நாள். மேஸ்திரி பொய் சொல்லவில்லை, அவருடைய வேலையில் 90 சதவீதம் உண்மையிலேயே முடிந்திருந்தது. தப்பான கேள்வியைக் கேட்டது நான்தான்.

அன்றிலிருந்து சதவீதம் கேட்பதை விட்டுவிட்டேன். 'இன்னும் எத்தனை நாள்?' இது ஒன்றுதான் கேள்வி. எந்த மென்பொருளை எடுத்தாலும் மீதி நாள் என்ற கட்டம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை எழுத ஓர் இடம் செய்துகொள்ளுங்கள்.

நவம்பர் 3

நேற்று விடுமுறை. ஒப்பந்தக் கூலிகள் 1834 நவம்பர் 2இல் அட்லஸ் கப்பலில் வந்து இறங்கிய நாள். அவர்கள் நினைவாக இருக்கும் 'ஆப்ரவாசி காட்' படித்துறைக்குப் போய் அந்தப் படிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அது தொடர்பாக ஒன்று நினைவுக்கு வந்தது. மென்பொருள் தேர்வுக்கும் அது பொருந்தும்.

சில மென்பொருள்களில் யார் எந்த வேலையில் எத்தனை மணி நேரம் என்று நேரக் கணக்கு வைக்கும் வசதி உண்டு. ஒரு தடவை அதைத் திறந்துவிட்டேன், வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்தால் அடுத்த தடவை சரியாக மதிப்பிடலாமே என்ற நினைப்பில். இரண்டாம் நாள் எங்கள் மூத்த ஆசாரி திரையைப் பார்த்துவிட்டு, "இது டபுள் கட் புத்தகம்" என்றார். கரும்புத் தோட்டத்தில் ஒருநாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் முறைக்கு அந்தப் பெயர். நான்கு தலைமுறை கழித்தும் அந்த வார்த்தை அவர் வாயில் இருக்கிறது. அந்த நேரக் கட்டத்தை அன்றே எடுத்துவிட்டேன். அது இருந்த இரண்டு நாளும் எல்லோரும் எட்டு மணி நேரம், எட்டு மணி நேரம் என்றே எழுதியிருந்தார்கள். எதற்கும் உதவாத எண்.

வேலையைத் திட்டமிடும் பலகையும் வருகைப் பதிவேடும் ஒன்றாக இருக்கவே கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நவம்பர் 20

தம்பி காண்ட்ப்ராஜெக்ட்டில் முதல் அலுவலகத்தைப் போட்டு அனுப்பியிருந்தார். 140 வரிசைகள். 'திருகு வாங்குதல்' ஒரு வரிசை, 'திருகு முடுக்குதல்' இன்னொரு வரிசை.

நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். எழுதும்போது வேலையே முடிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும். இரண்டாவது வாரம் 140 வரிசையைத் திருத்த யாருக்கும் பொறுமை இருக்காது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இந்த வேலை முடிவதற்காக வேறு யாராவது காத்திருக்கிறாரா? காத்திருந்தால் அது ஒரு வரிசை. ஒரே ஆள் தொடர்ந்து செய்வதெல்லாம் சேர்ந்து ஒரே வரிசை. கூடவே கையெழுத்து, பொருள் வந்து சேருவது, பணம் வருவது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மைல்கல், அதாவது நாள் பிடிக்காத ஓர் அடையாள வரிசை. இப்படி வெட்டியபின் அவருடையது 46 வரிசையில் நின்றது. இப்போது ஒரே ஏ3 தாளில் அடிக்கிறது, சுவரில் ஒட்டலாம்.

டிசம்பர் 12

அக்டோபர் 10இல் ட்ரெல்லோ மட்டும் போதாது என்று எழுதினேன். அதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ட்ரெல்லோவை ஓரமாகத் தள்ளிய மாதிரி ஆகிவிட்டது. அது சரியில்லை.

காண்ட் படம், அதாவது வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் அட்டவணை, ஒரே ஆளுடையது. அதைச் சைட்டில் போனில் திறந்து பார்க்க முடியாது, பார்த்தாலும் ஆசாரிக்கு அதில் வேலை இல்லை. அவருக்கு வேண்டியது இந்த வாரம் என்ன, அடுத்து என்ன, அவ்வளவுதான். அதற்கு ட்ரெல்லோ கார்டுதான் வசதி. பிரெஞ்சில் மாற்றிக்கொள்ளலாம், கார்டில் போட்டோ போடலாம். எங்களுக்கு நான்கு பத்தி: இந்த வாரம், நடக்கிறது, காத்திருக்கிறது, முடிந்தது. 'நடக்கிறது' பத்தியில் ஒரு மேஸ்திரிக்கு இரண்டு கார்டுக்கு மேல் கூடாது. மூன்றாவதை இழுக்க வேண்டுமானால் ஒன்றை முடிக்க வேண்டும், அல்லது 'காத்திருக்கிறது' பக்கம் தள்ளி எதற்காகக் காத்திருக்கிறார் என்று எழுத வேண்டும். நான் தினமும் காலையில் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.

வெள்ளி மதியம் மீதி நாட்களை வாங்கி காண்ட் படத்தில் போடுவேன். தேதிகள் நகரும். அடுத்த வாரத்துக்கு உரியதை மட்டும் கார்டாக்குவேன். இருபது நிமிட வேலை. இரண்டையும் தானாக இணைக்கும் வழி உண்டா என்று கேட்கிறார்கள். தேட வேண்டாம் என்பேன். அந்த இருபது நிமிடத்தில்தான் நான் அட்டவணையை உண்மையிலேயே படிக்கிறேன்.

2024 ஜனவரி 14

பெலால் புயல் எச்சரிக்கை. இன்று ஞாயிறு, எல்லோரும் வீட்டில். மொரிஷியஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: முதல் எச்சரிக்கை, புயல் நெருங்குவதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னால் வரும். இரண்டாவது, தயாராவதற்கு இயன்றவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி வரும். மூன்றாவது, மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசுவதற்கு முன் 6 மணி நேரப் பகல் வெளிச்சம் விட்டு வரும். அந்தக் காற்று பதிவான பிறகு நான்காவது.

ட்ரெல்லோவில் 'புயல்' என்று ஒரு மாதிரிக் கார்டு வைத்திருக்கிறோம். இரண்டாம் எச்சரிக்கை வந்ததும் அதை நகல் எடுத்து மேஸ்திரிக்குப் போடுவேன். சாரத்தைக் கட்டு, பெயர்ப் பலகையை இறக்கு, வெளியே உள்ள பலகைகளை உள்ளே கொண்டுபோ, மெயின் சுவிட்சை அணை, எல்லோரும் வீடு சேர்ந்தார்களா கேள். டிக் வரும்வரை நான் போனைக் கீழே வைப்பதில்லை.

அட்டவணையில் புயலுக்கு என்று தனித்தனியாக நாள் ஒதுக்காதீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை எந்த வாரம் என்று யாருக்குத் தெரியும்? ஒப்படைப்புக்கு முன்னால் 'இடைவெளி' என்று ஐந்து நாளுக்கு ஒரே வரிசை போடுங்கள். போதும்.

ஜனவரி 18

எங்கள் ஆட்கள் எல்லோரும் நலம். தம்பியின் ஆட்களும் நலம். திங்கள் காலை வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பி வந்தவர்கள்தான் எல்லோரும். பிறகு போர்ட் லூயிஸில் கார்களே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பட்டறைக்குள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். எம்டிஎஃப் என்ற அழுத்திய மரநார்ப் பலகைகளைச் சுவரோரம் தரையில் நிறுத்தி வைத்திருந்தோம். 22 பலகைகள், ஒவ்வொன்றின் அடியிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு ரொட்டி மாதிரி ஊதிப் பிரிந்திருக்கிறது. ஊதிய பகுதியை அறுத்துவிட்டு இழுப்பறைக்குப் பயன்படுத்தலாம். ஆளுயர அலமாரிக்கு ஆகாது. மாற்றுப் பலகை கையில் கிடைக்க நாளாகும்.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். 15, 16 இரண்டு நாளையும் வேலையில்லா நாள் என்று போட்டேன், எல்லாம் இரண்டு நாள் நகர்ந்தது. அலமாரி வேலை மட்டும் மொத்தத்தில் எட்டு நாள் தள்ளிப்போகிறது. ஆனால் அந்த வேலைக்கு ஐந்து நாள் ஃப்ளோட் இருந்தது, அதாவது ஐந்து நாள் தாமதமானாலும் ஒப்படைப்பைத் தொடாது. எட்டில் ஐந்து போனால் மூன்று. புயலால் எப்படியும் இரண்டு நாள் போகிறது, அலமாரியால் கூடுதலாக ஒரே ஒரு நாள்தான். பழைய எக்செலாக இருந்தால் எட்டு நாள் என்று பயந்து வாடிக்கையாளருக்குப் போன் போட்டிருப்பேன். இன்னொன்றும் தெரிந்தது: ஒப்படைப்புத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலியை கிரிட்டிக்கல் பாத் என்பார்கள், இதுவரை சீலிங் வழியாக ஓடிய அது இப்போது அலமாரி வழியாக ஓடுகிறது. இனி சீலிங் ஆட்களை அவசரப்படுத்திப் பயனில்லை, இரண்டு பேரை அலமாரிப் பக்கம் மாற்றிவிட்டேன்.

14ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். ஐந்து நாள் இடைவெளி போதும் என்றேன். காற்றுக்கும் மழைக்கும் போதும், பலகை நனைந்தால் போதாது. இனி ஒவ்வொரு அட்டவணையிலும் அக்டோபர் கடைசியில் 'பலகைகளை ஓரடி உயரத்தில் ஏற்றி அடுக்குதல்' என்று ஒரு வரிசை இருக்கும்.

ஜனவரி 26

நேற்று காவடி. எங்கள் ஆசாரிகளில் இரண்டு பேர் கோர் தெ கார்த் மலைக் கோயிலில் எடுத்தார்கள். பத்து நாள் விரதம், புயல் ஓய்ந்த கையோடு தொடங்கியது. அந்த நாட்களில் அவர்களுக்குப் பலகை தூக்கும் வேலை வைக்கவில்லை. அளவெடுப்பது, லேமினேட் ஓரம் ஒட்டுவது மட்டும். மென்பொருளில் ஆளுக்கு ஆள் தனி நாட்காட்டி வைக்க முடியும், அந்த வசதியை எட்டிப்பார்க்காதவர்கள் இதற்காகவாவது பாருங்கள். முன்பெல்லாம் எனக்கு இது தோன்றியதே இல்லை. மேஸ்திரியே சத்தமில்லாமல் ஆட்களை மாற்றிப் போட்டுச் சமாளித்திருக்கிறார், அட்டவணை ஏன் பிசகுகிறது என்று நான் அவரையே கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 16

ஜிரா என்ற வேலைத் திட்டமிடல் மென்பொருள் எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மென்பொருள் எழுதும் குழு என்றால் நல்லது, 10 பேர் வரை இலவசம். பட்டறைக்கு அது தோதுப்படாது. நேற்றோடு அவர்களுடைய பழைய சர்வர் பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, இனி சின்னக் குழுக்களுக்குக் கிளவுட்தான். கிளவுட் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். 2022 ஏப்ரலில், ஜிராவை நடத்தும் அட்லாசியன் நிறுவனத்தின் கிளவுட்டில் சுமார் 775 வாடிக்கையாளர்களுக்குத் தளமே திறக்கவில்லை, சிலருக்கு இரண்டு வாரம் வரை. ட்ரெல்லோவும் அதே நிறுவனத்தினுடையதுதான். நான் வெள்ளிக்கிழமைதோறும் காண்ட் கோப்பைத் தேதி போட்டு ஒரு பென் டிரைவில் வைக்கிறேன், பலகையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்கிறேன். அது போதும் ஒரு வாரம் ஓட்ட.

ஏப்ரல் 10

தம்பி பதறிப்போய் எழுதியிருக்கிறார். ட்ரெல்லோவில் இலவசப் பணியிடம் ஒன்றுக்கு 10 பேர்தான் என்று ஏப்ரல் 8 முதல் வரம்பு வந்துவிட்டது. அவர்கள் 14 பேர்.

பணம் கட்ட வேண்டியதில்லை. யார் யார் கார்டை நகர்த்துகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து பேர்: மேஸ்திரி, மூத்த ஆசாரி, எலெக்ட்ரீஷியன், பெயின்டர் தலைவர், அவர். மற்ற ஒன்பது பேர் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அவர்களுக்குக் காலையில் மேஸ்திரி வாயால் சொல்வதுதான் அட்டவணை. எந்த மென்பொருளிலும் இதை முதலில் எண்ணியிருக்க வேண்டும், நானும் அக்டோபரில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 29

மூன்று அலுவலகமும் முடிந்தது. இரண்டு சொன்ன தேதியில், ஒன்று நான்கு நாள் தாமதம். மூன்றாவதில் இன்ஜினியர் கையெழுத்துக்கு மைல்கல் போடவில்லை, அங்கேதான் நின்றது. முதலாளி ப்ராஜெக்ட் வாங்கும் பேச்சை விட்டுவிட்டாராம். சுவரில் இருக்கும் ஏ3 தாளைத்தான் வருகிறவர்களிடம் காட்டுகிறாராம்.

தம்பி ஒரு வாட்ஸப் செய்தியையும் அனுப்பியிருந்தார், அவருடைய மேஸ்திரி கேட்காமலே போட்டது: 'பெயின்ட் 2 ழூர். கதவு 3 ழூர், கீல் வரவில்லை.' ழூர் என்றால் நாள். நான் இதை என் மேஸ்திரியிடம் காட்டினேன். "கொரெக்" என்றார்.

ஜூலையில் தம்பிக்கு ஒரு ஹோட்டல் வேலை, 24 அறைகள். தம்பி, தொடங்கும் முன் முதல் அட்டவணையை பேஸ்லைனாகச் சேமித்து வையுங்கள், காண்ட்ப்ராஜெக்ட்டிலும் அந்த வசதி இருக்கிறது. முதல் இரண்டு அறைகள் முடிந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, மீதி 22 அறைகளுக்கு நாட்களைத் திருத்துங்கள். அந்தக் கோப்பை எனக்கும் அனுப்புங்கள்.